வருதா?

'காகஸ் கே பூல்' படத்தில் அந்த வெளிச்சம் இறங்கியபோது நான் மொட்டைமாடியில் நின்று ஆன்டெனாவைத் திருப்பிக்கொண்டிருந்தேன்.

இந்திய சினிமாவில் ஒளிப்பதிவைப் பற்றி வாய் திறக்கிற யாரும் முதலில் சொல்லும் காட்சி அது. இருட்டான ஸ்டுடியோ. ஒரு பக்கம் குரு தத், மறுபக்கம் வஹீதா ரஹ்மான். இருவருக்கும் நடுவில், கூரையிலிருந்து தரை வரைக்கும் சாய்வாக ஒரு வெள்ளைத் தூண். எங்கள் தெரு மிலிட்டரி அண்ணாச்சி வீட்டுக் கறுப்பு வெள்ளை சாலிடேரில் அது விழுந்த கணத்தில் எங்கள் ஆச்சி சொன்னாள்: "ஏலே, டிவில பால ஊத்துன மாதிரி இருக்கு. மேல போயித் திருப்பிட்டு வால."

ஓடினேன். மேலிருந்து நான் "வருதா?" என்று கத்த, கீழிருந்து "வரல, இன்னும் கொஞ்சம் கெழக்க" என்று பதில் வந்தது. கிழக்கே திருப்பினேன். மேற்கே திருப்பினேன். கையெல்லாம் துரு. பாட்டு ஓடி முடிந்து வெளிச்சமும் தானாகவே போய்ச் சேர்ந்ததும், "வந்துட்டு, வந்துட்டு! அப்படியே விட்டுட்டு எறங்கி வா" என்று ஏழெட்டுக் குரல் ஒன்றாகக் கேட்டது. இறங்கி வந்தபோது அண்ணாச்சி முதுகில் தட்டிக் கொடுத்தார். நான் திருப்பித்தான் அந்த வெள்ளை போயிற்று என்று தெருவே நம்பியது. நானும் வெகுநாள் நம்பினேன்.

இது எண்பதுகளின் நடுவில், திருநெல்வேலியில். ஊருக்கு ஒரு குட்டிக் கோபுரம் நட்டு, டில்லியிலிருந்து வருவதை அப்படியே வாங்கி எங்கள் தலையில் கொட்டிய காலம். சென்னைக்காரர்களுக்கு வெள்ளிக்கிழமை 'ஒலியும் ஒளியும்' இருந்தது. தூத்துக்குடிப் பக்கம் பூஸ்டர் போட்டு இலங்கை ரூபவாகினியைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். எங்களுக்கு இரண்டும் இல்லை. புதன்கிழமை சித்ரஹார், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இந்திப் படம். ஞாயிறு மதியம் மாநில மொழிப் படம் என்று ஒன்று உண்டு. அசாமி, ஒரியா, மலையாளம் என்று முறை சுற்றித் தமிழ் வருவதற்குள் பரீட்சை வந்துவிடும். வந்தாலும் அது விருது வாங்கிய படமாக இருக்கும். அதில் சண்டை இருக்காது.

தெருவில் எல்லோரும் ஒரே ஒரு இந்தி வாக்கியத்தை முழுசாகக் கற்றிருந்தோம்: 'ருகாவட் கே லியே கேத் ஹை'. தடங்கலுக்கு வருந்துகிறோம். டில்லி எங்களுக்கு அடிக்கடி சொன்னது அதைத்தான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1965-இல் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின்போது எங்கள் அப்பா கல்லூரி மாணவர். தார் டின்னும் பிரஷ்ஷுமாக ஸ்டேஷனுக்குப் போய் இந்தி எழுத்தை அழித்த கோஷ்டியில் அவரும் உண்டு. தார் பட்டு வீணான வேட்டி பரணில் பத்திரமாக இருந்தது. பிறகு தமிழாசிரியர் ஆனார். அப்படிப்பட்டவரின் வீட்டுக்குப் பக்கத்துச் சுவரில் டில்லி இருபது வருஷம் கழித்து வந்து உட்கார்ந்துகொண்டது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர் திண்ணையில் நாற்காலி போட்டு, அண்ணாச்சி வீட்டு ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பேப்பர் படிப்பார். வெளிச்சம் போன பிறகும் படிப்பார்.

அண்ணாச்சிதான் தெருவில் இந்தி தெரிந்த ஒரே ஆள். ராணுவத்தில் பதினேழு வருஷம். டிவியும் கேன்டீன் சலுகையில் வாங்கியது. முழங்கால் அருகில் டார்ச் லைட்டை வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்காருவார். நாங்கள் தரையில். நடிகர் வாயைத் திறந்து மூடியதும் எல்லாத் தலையும் அண்ணாச்சி பக்கம் திரும்பும். "என்ன சொல்லுதான்னா..." என்று ஆரம்பிப்பார். திரையில் நாலு வார்த்தை என்றால் அண்ணாச்சியிடம் நாற்பது வார்த்தை. அவர் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த காட்சியில் பாதி போயிருக்கும். போனால் என்ன, அதையும் அவர்தான் சொல்லப்போகிறார்.

அம்மன் கோயில் கொடைக்கு டெக் எடுத்து 'தீவார்' போட்டார்கள். 1975-இல் வந்த படம், சலீம்–ஜாவேத் எழுதியது. பாலத்தடியில் அண்ணன் அமிதாப்பும் தம்பி சசி கபூரும் நேருக்கு நேர் நிற்கிறார்கள். என்னிடம் பங்களா இருக்கிறது, கார் இருக்கிறது, பாங்கில் பணம் இருக்கிறது, உன்னிடம் என்ன இருக்கிறது என்கிறான் கடத்தல்காரனாகிவிட்ட அண்ணன். போலீஸ்காரத் தம்பி தன்னிடம் அம்மா இருக்கிறாள் என்று மட்டும் சொல்கிறான். வடக்கே அரை நூற்றாண்டாக அந்தச் சின்ன பதிலைச் சொல்லிச் சொல்லி மாய்கிறார்கள். அண்ணாச்சி சொன்னது இது: "என்ன சொல்லுதான்னா, அம்மா என்கூடத்தான் இருக்கா, ரேஷன் கார்டுல அவ பேரு என் கார்டுலதான் இருக்கு, நீ என்ன வேணும்னாலும் கேஸ் போடு, ஒன்னால ஒண்ணும் பண்ண முடியாதுங்கான்."

கூட்டத்தில் 'தீ' பார்த்தவர்கள் இருந்தார்கள். இதே கதையை ரஜினியை வைத்து 1981-இல் தமிழில் எடுத்திருந்தார்கள். "அதுல ரேஷன் கார்டு வரலியே அண்ணாச்சி" என்றான் ஒருவன்.

"தமிழ்ல வெட்டிட்டான்" என்றார் அண்ணாச்சி.

ஆக, சகோதரர்களுக்குள் இருந்த வழக்கு ரேஷன் கார்டு வழக்கு என்றே பத்து வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது யோசித்தால் அது ஒன்றும் மோசமான விளக்கம் இல்லை. அம்மா யாருடன் இருக்கிறாள் என்பதற்கு எங்கள் தெருவில் அதைவிட உறுதியான சாட்சி கிடையாது.

எல்லாப் படத்துக்கும் அண்ணாச்சியின் கைவரிசை செல்லுபடியானது என்று சொல்ல மாட்டேன். ஹிருஷிகேஷ் முகர்ஜியின் 'சுப்கே சுப்கே'யில் தோற்றுப்போனார். தாவரவியல் பேராசிரியரான தர்மேந்திரா, மனைவியின் அத்திம்பேரை ஏமாற்ற டிரைவர் வேஷம் போட்டு வந்து, ஒரு கலப்பும் இல்லாத சுத்த இந்தியில் பேசுவார். அத்திம்பேர் ஓம் பிரகாஷுக்கு அது பொறுக்காது. படத்தின் சிரிப்பே அந்தச் சுத்தத்தில்தான். அண்ணாச்சிக்கு எல்லா இந்தியும் ஒன்று. "டிரைவர் மரியாதையாப் பேசுதான், மொதலாளி வையுதான்" என்று மட்டும் சொன்னார். நாங்கள் ஒரு நல்ல டிரைவர் படுகிற பாட்டைப் பார்த்து மனம் கசிந்து உட்கார்ந்திருந்தோம். ஆச்சி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சொல்லப்போனால், டிரைவரை 'ஓட்டுநர்' என்றும் காரை 'மகிழுந்து' என்றும் சொல்கிற ஒருவர் சுவருக்கு அந்தப்பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தார். எங்களுக்கு அதில் சிரிக்க என்ன இருக்கிறது?

ஆச்சிக்கு வேறு ஒரு வழக்கு இருந்தது. அது சஞ்சீவ் குமார் மேல். குல்சார் 1972-இல் எடுத்த 'பரிச்சய்' படத்தில் சஞ்சீவ் குமார் ஜெயா பாதுரிக்கு அப்பா. அதே குல்சார், அதே வருஷம் எடுத்த 'கோஷிஷ்' படத்தில் அதே ஜெயாவுக்குப் புருஷன். ஊரில் தியேட்டருக்கு வந்த 'ஷோலே'யில் மாமனார். எங்களுக்கு முதலில் வந்தது அப்பா.

'கோஷிஷ்' ஆரம்பித்து ஜெயா பாதுரியைக் கண்டதும் ஆச்சி முகம் மலர்ந்தாள். சஞ்சீவ் குமார் வந்ததும், "அவ அப்பன் வந்துட்டான்" என்றாள். சிறிது நேரத்தில் கல்யாணம் ஆனது. ஆச்சி எழுந்துவிட்டாள். "சவம், இது என்ன கூத்து! யாருக்கும் வெக்கம் மானம் இல்லியா?" அண்ணாச்சியின் சம்சாரம், நாங்கள் மைனி என்று கூப்பிடுபவர், அது வேறு கதை ஆச்சி என்று கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். படம் பார்க்கிறாளோ இல்லையோ, அந்த ஆளை முறைத்துக்கொண்டே இருந்தாள். அவருக்கு அப்போது முப்பத்து நாலு வயதுதான் என்று இன்று சொன்னாலும் நம்ப மாட்டாள். கிழவனாகவே நடித்துக்கொண்டிருந்த அந்த மனிதர் கிழவனாகாமலே 1985 நவம்பரில், நாற்பத்தேழு வயதில் செத்துப்போனார்.

'கோஷிஷ்' வாய் பேசாத, காது கேளாத ஒரு கணவன் மனைவியின் கதை. தமிழில் கமலும் சுஜாதாவும் 'உயர்ந்தவர்கள்' என்று செய்தார்களே, அது. ஆரம்பித்து கால் மணி நேரத்தில் தெருவுக்கு ஒன்று புரிந்தது: அண்ணாச்சிக்கு வேலை இல்லை. பழக்கதோஷத்தில் "என்ன சொல்லுதான்னா..." என்றார். சஞ்சீவ் குமார் விரல்களை நெஞ்சருகே கொண்டுபோய்ப் பிரித்து, புருவத்தை ஒரு நூல் அளவுக்கு உயர்த்தினார். ஜெயா கழுத்தைச் சாய்த்தார். "எய்யா, நீ சும்மா இரு. எனக்கே புரியுது" என்றாள் ஆச்சி, முறைப்பதை நிறுத்தாமல்.

அப்போதுதான் வாசலில் நிழல் தட்டியது. அப்பா.

அண்ணாச்சி நாற்காலியை விட்டு எழுந்தார். "வாங்க சார்வாள்!"

"இதுல இந்தி இல்லைல்லா?" என்று கேட்டுவிட்டு அப்பா நடையில் உட்கார்ந்தார்.

முக்கால்வாசிப் படம் பார்த்தார். வாய் உள்ளவர்கள் வந்து வசனம் பேசுகிறபோதெல்லாம் தலையைத் திருப்பி வேப்பமரத்தைப் பார்ப்பார். ஊமைகள் வந்ததும் திரும்பிக்கொள்வார். கொள்கையை அவ்வளவு நுணுக்கமாகக் கடைப்பிடித்த ஒருவரை நான் பிறகு கண்டதில்லை.

ஒரு காட்சி. முதல் குழந்தை அழுதது காதில் விழாததால் அதைப் பறிகொடுத்தவர்கள் அந்த இருவரும். இரண்டாவது பிறக்கிறது. இதற்காவது காது கேட்குமா? சஞ்சீவ் குமார் ஒரு கிலுக்கை எடுத்துக் குழந்தையின் காதருகே ஆட்டுகிறார். குழந்தை அசையவில்லை. இன்னும் பலமாக ஆட்டுகிறார். பார்வை குழந்தையின் முகத்தில் இருக்கிறது, கை மட்டும் தனியாக ஓடுகிறது. முகத்தில் இருந்த சிரிப்பு உடனே போய்விடவில்லை. போக மனமில்லாமல் உதட்டில் ஓரமாக நின்றுகொண்டிருக்க, கண் மட்டும் பயந்துவிட்டது. ஒரே முகத்தில் இரண்டு நேரம்.

எங்கள் பிரச்சினை வேறு. கிலுக்கு ஆடுகிறது, டிவியில் சத்தம் இல்லை. அண்ணாச்சி எட்டி வால்யூமைத் திருகினார். பெட்டியின் தலையில் ஒரு அடி போட்டார். "ஏலே, மேல ஓடு" என்றார். ஆன்டெனாவுக்கும் கிலுக்குக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிற தெரு அல்ல அது. நான் ஏணியில் பாதி ஏறிய நேரம் கீழே ஓவென்று ஒரு சத்தம். சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. இறங்கி வந்தபோது மைனி மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார். கிலுக்குக்குள் மணியே இல்லையாம். குழந்தைக்குக் காது நன்றாகக் கேட்கிறதாம்.

வீட்டுக்குத் திரும்பும்போது அப்பா சொன்னார்: "சிவாஜி 'நவராத்திரி'ல ஒம்பது வேஷம் கட்டுனத இந்தியில எடுத்துச் செஞ்சவன் இவன்தான். ஆளு பரவால்ல." ஒரு வடக்கத்தி நடிகருக்கு எங்கள் வீட்டில் கிடைத்த ஒரே நற்சான்று இது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி திண்ணை, பேப்பர், முதுகு.

அம்மா அரிசி டின்னில் சேர்த்த காசில் எனக்கு ரகசியமாக இந்தி டியூஷன் ஏற்பாடானது. பிராத்மிக், மத்யமா, ராஷ்டிரபாஷா. புத்தகங்களுக்குப் பழுப்பு அட்டை போட்டு 'வரலாறு' என்று எழுதி வைத்திருந்தேன். ஒருநாள் அப்பா ஒன்றைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். "வரலாத்துப் புஸ்தகத்தத் திண்ணையில விட்டுட்டு வந்துட்ட" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை.

தொண்ணூறுகளில் பாங்க் வேலையில் பம்பாய்க்குப் போனேன். முதல் நாள் பஸ்ஸில் கண்டக்டரிடம் ராஷ்டிரபாஷாவில் ஒரு சீட்டு கேட்டேன். பாடப்புத்தகத்தில் இருந்த அத்தனை மரியாதைச் சொல்லும் அந்த வாக்கியத்தில் இருந்தது. பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. பக்கத்து சீட்டுக்காரர், "என்ன சார், 'சுப்கே சுப்கே'யா?" என்றார். பத்து வருஷத்துக்கு முன்பு எங்கள் தெரு அழுத படத்துக்கு அன்றைக்கு நின்றுகொண்டே சிரித்தேன். தனியாக.

பம்பாயில்தான் சலீம்–ஜாவேத் போஸ்டர் கதையைக் கேட்டேன். 1973-இல் 'ஜஞ்ஜீர்' வந்தபோது போஸ்டரில் எழுத்தாளர் பெயர் இல்லை. அந்தக் காலத்தில் போடுவதும் இல்லை. இரண்டு பேரும் ஆள் பிடித்து, பெயிண்ட் டின் கொடுத்து, ஊரில் ஒட்டியிருந்த போஸ்டர்களில் எல்லாம் தங்கள் பெயரை எழுதச் செய்தார்கள். ஊருக்குப் போனபோது அப்பாவிடம் சொன்னேன். அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. டின்னும் பிரஷ்ஷுமாக இரவில் அலைந்தவர்கள் என்றால் அவருக்குத் தனி மரியாதை.

"எழுதுறவன் பேரப் போடச் சொல்லி எழுதுனா அது தப்பே இல்ல" என்றார். "இந்தியிலயா எழுதுவாங்க வசனமெல்லாம்?"

"ஜாவேத் அக்தர் உருது எழுத்துலதான் எழுதுவாராம்ப்பா."

கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப நான் அழிச்ச எழுத்து வேற" என்றார்.

பிறகு எனக்கு ரசனை வந்துவிட்டது. புனேயில் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட்டும் ஃபிலிம் ஆர்க்கைவும் சேர்ந்து கோடையில் நடத்துகிற சினிமா ரசனைப் பயிற்சி ஒன்று உண்டு. லீவு போட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்தேன். அங்கே ஒருநாள் விளக்கை அணைத்து அந்தக் காட்சியைப் போட்டார்கள். ஸ்டுடியோ, குரு தத், வஹீதா. கூரையிலிருந்து வெள்ளைத் தூண்.

எனக்குக் கை துருதுருவென்று வந்தது. ஆன்டெனா இல்லை.

மைசூர்க்காரரான ஒளிப்பதிவாளர் வி.கே. மூர்த்தி அதை விளக்கு வைத்து எடுக்கவில்லை. வெளியே வெயிலில் ஒரு பெரிய கண்ணாடியை நிறுத்தி, அதில் பட்ட சூரியனை ஸ்டுடியோவுக்குள் இன்னொரு கண்ணாடியில் வாங்கி, கீழே இறக்கியிருக்கிறார். 1959-இல், இந்தியாவின் முதல் சினிமாஸ்கோப் படத்தில். படம் ஊற்றிக்கொண்டது. குரு தத் அதற்குப் பிறகு இயக்குநர் என்று தன் பெயரைப் போடவே இல்லை. மூர்த்திக்குப் பல்லாண்டு கழித்து பால்கே விருது கொடுத்தார்கள். சினிமாஸ்கோப் என்றதும்தான் எங்கள் தெரு மர்மம் எனக்கு விளங்கியது. அவ்வளவு அகலமான படத்தைச் சதுரப் பெட்டிக்குள் அடைத்தபோது ஒரு ஓரத்தில் நின்ற குரு தத்தும் மறு ஓரத்தில் நின்ற வஹீதாவும் வெட்டுப்பட்டுப் போயிருப்பார்கள். நடுவில் இருந்த பால் மட்டும் ஆச்சிக்கு மிஞ்சியிருக்கும். அவள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை.

இப்போது எனக்கு எல்லாம் தெரியும். 'ஷோலே'யின் மலைகள் கர்நாடகத்து ராமநகரம் என்று தெரியும். டாகுராக வரும் சஞ்சீவ் குமார் ஆணி பதித்த செருப்பால் கொள்ளைக்காரன் கப்பரை மிதித்துக் கொல்வதாக எடுத்ததை எமர்ஜென்சி சென்சார் மாற்றச் சொல்லி, போலீஸ் வந்து பிடிப்பதாக முடித்தார்கள் என்று தெரியும். சால்வை பறந்து கையில்லாத தோள் தெரிகிறபோது, ஒரு படத்தில் நாக்கையும் இன்னொரு படத்தில் கையையும் கழற்றிக் கொடுத்துவிட்டு மிச்சத்தை வைத்து நடித்த மனிதர் என்று பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லவும் தெரியும். பக்கத்தில் இருப்பது என் மகள். "அப்பா, படத்தப் பாக்க விடுங்க" என்பாள். அப்படிச் சொல்லிவிட்டு அவள் பார்ப்பது போனை.

படத்துக்கும் குறைவில்லை. ஐந்து தளத்துக்குச் சந்தா கட்டுகிறோம். என்ன பார்ப்பது என்று தேடியே முக்கால் மணி நேரம் போகிறது. 'ஜவான்' தமிழிலேயே வந்தது. இயக்கம் அட்லீ, இசை அனிருத், நயன்தாரா, விஜய் சேதுபதி. அப்பா முழுதும் பார்த்துவிட்டு, "இதுல அந்த ஒரு பையன் மட்டும் எதுக்கு இந்திக்காரன்?" என்று ஷாருக் கானைக் காட்டிக் கேட்டார்.

அண்ணாச்சி போய்விட்டார். துக்கம் கேட்கப் போனபோது மைனிதான் சொன்னார்: பதினேழு வருஷத்தில் முக்கால்வாசி வெலிங்டனில்தானாம். நீலகிரியில். மெட்ராஸ் ரெஜிமென்ட். கூட இருந்தவர்கள் எல்லாம் தமிழும் மலையாளமும். அவர் கற்றது கவாத்து மைதானத்து இந்தி. திரும்பு, நில், நட, துப்பாக்கியை இறக்கு. அதை வைத்துக்கொண்டுதான் பிமல் ராயையும் ராஜ் கபூரையும் எங்களுக்கு மொழிபெயர்த்தார். நான் பிறகு ஒவ்வொரு படமாக எடுத்துச் சரிபார்த்தேன். ரேஷன் கார்டு எதிலும் வரவில்லை. பல இடங்களில் அண்ணாச்சியின் வசனம் மூலத்தைவிட நன்றாக இருந்தது என்று சொல்வேன். புனேயில் சொல்லியிருந்தால் சான்றிதழ் கொடுத்திருக்க மாட்டார்கள்.

அப்பாவுக்கு எண்பது. காது போய்விட்டது. காது மிஷின் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். பேட்டரி தீர்ந்துவிடும் என்று பாதி நேரம் கழற்றிச் சட்டைப்பையில் வைத்திருப்பார். இந்திப் படம் பார்க்க இப்போது அவருக்கு ஆட்சேபணை இல்லை. காதில் விழுந்தால்தானே! கீழே ஓடுகிற ஆங்கிலத்தைப் படித்து, எழுத்துப் பிழை இருந்தால் சொல்வார்.

போன மாதம் யூடியூபில் 'கோஷிஷ்' அகப்பட்டது. பெரிய திரையில் போட்டேன். மிஷினை எடுத்து மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். வசனம் இல்லாத இடங்களில் கீழே எழுத்தும் இல்லை. அடைப்புக்குறிக்குள் 'இசை' என்று மட்டும் அவ்வப்போது வரும். அப்பா அதையும் விடாமல் படித்தார்.

குழந்தை பிறந்தது. சஞ்சீவ் குமார் கிலுக்கை எடுத்தார். ஆட்டினார். அப்பா காதில் கை வைத்தார். இன்னும் பலமாக ஆட்டினார். அப்பா மிஷினைக் கழற்றி, பேட்டரி மூடியைத் திறந்து பார்த்து, ஊதி, மறுபடி மாட்டினார்.

"வருதா?" என்றார் என்னிடம்.

"இல்லப்பா."

"மாத்தி நாலு நாள்தான ஆச்சு." இன்னொரு தடவை கழற்றினார். திரையில் அந்தச் சிரிப்பு உதட்டோரத்தில் இன்னும் நின்றுகொண்டிருந்தது.

"எதுக்கும் சவுண்டக் கூட்டிப் பாரு" என்றார்.

ரிமோட்டை எடுத்துக் கூட்டினேன்.